வாசகர் கேள்வி–பதில்: கச்சான் காலத்துக் கரண்ட்

கச்சான் காற்று தொடங்கினால் இந்தப் பகுதிக்கு வருகிற கேள்விகளும் ஒரே பக்கம் திரும்பிவிடும். தொட்டால் சுள்ளென்று அடிக்கிறதே, அது என்ன கரண்ட்? இந்த இதழில் முழுப் பகுதியையும் நிலைமின்னுக்கே, அதாவது ஓடாமல் பொருளில் தேங்கி நிற்கிற மின்னுக்கே, கொடுத்துவிட்டேன். மின்னலைப் பற்றி வந்த கேள்வியையும் இதோடு சேர்த்திருக்கிறேன், இரண்டும் ஒரே சாமான்தான்.

கேள்வி (கல்லடியிலிருந்து ஒரு வாசகி): ஆனி, ஆடியில் கச்சான் அடிக்கும்போது பிளாஸ்டிக் கதிரையிலிருந்து எழும்பிக் கதவுப் பூட்டைத் தொட்டால் கையில் சுள்ளென்று அடிக்கிறது. இரவில் பொலியெஸ்டர் நைட்டியைக் கழற்றினால் சடசடவென்று சத்தம், லைட்டை நிப்பாட்டிவிட்டுப் பார்த்தால் நீலப் பொறியும் தெரிகிறது. "உன்ர உடம்பில கரண்ட் கூடிப் போச்சு, டொக்டரிட்டக் காட்டு" என்கிறா மாமி. மாரி காலத்தில் இது ஒன்றுமே இல்லை. ஏன் இப்படி? ஆபத்து ஏதும் உண்டா?

பதில்: மாமியிடம் சொல்லுங்கள், உங்கள் உடம்பில் ஒரு கோளாறும் இல்லை. அதே கதிரையில் அதே மாதிரி உடுப்போடு அவ இருந்து எழும்பினாலும் அடிக்கும்.

எல்லாப் பொருளிலும் நேர் மின்னேற்றமும் மறை மின்னேற்றமும் சரிக்குச் சரி இருக்கிறது, அதனால் சாதாரணமாக நமக்கு ஒன்றும் தெரிவதில்லை. வேறு வேறு இரண்டு பொருட்கள் ஒன்றோடொன்று பட்டுப் பிரிகிறபோது ஒன்றின் மேற்பரப்பில் இருந்த கொஞ்ச இலத்திரன்கள் (மறை ஏற்றமுள்ள மிகச் சிறிய துணிக்கைகள்) மற்றதோடு போய்விடும். இழந்தது நேர் ஏற்றம், வாங்கியது மறை ஏற்றம், இரண்டும் அளவில் சமன். தேய்க்கத்தான் வேண்டும் என்றில்லை, பட்டுப் பிரிந்தாலே போதும். தேய்த்தால் இன்னும் கூடுதலான இடம் படும், அவ்வளவுதான். யார் இழப்பது, யார் வாங்குவது என்பது பொருளுக்குப் பொருள் மாறும். நம் தோல், கண்ணாடி, நைலோன், கம்பளி எல்லாம் இழக்கிற பக்கம். பொலியெஸ்டர், பொலித்தீன், பி.வி.சி., டெஃப்லோன் வாங்குகிற பக்கம். பருத்தி ஏறக்குறைய நடுவில். உங்கள் தோலும் பொலியெஸ்டர் நைட்டியும் வரிசையில் எட்ட எட்ட நிற்கிற இரண்டு, அதனால்தான் அந்தச் சடசடப்பு. பருத்திச் சேலைக்கு அது வராது.

இனி, மாரியில் ஏன் இல்லை என்ற கேள்வி. உங்கள் கடிதத்திலேயே நல்ல கேள்வி இதுதான். மாரியிலும் பொருட்கள் பட்டுப் பிரிகின்றன, மாரியிலும் ஏற்றம் வருகிறது. வந்த ஏற்றத்துக்கு வடிந்துபோக வழி இருக்கிறதா இல்லையா என்பதுதான் வித்தியாசம். வக்கடை திறந்து கிடக்கிற வயலில் எவ்வளவு மழை பெய்தாலும் தண்ணி கட்டி நிற்காது, அடைத்துவிட்டால் சின்ன மழைக்கே வரம்பு முட்டிவிடும். நம் ஊரில் அந்த வக்கடை காற்றிலுள்ள ஈரம். பலரும் நினைப்பதுபோல ஈரக் காற்றுக்குள்ளால் மின் ஓடிப் போவதில்லை. கதிரை, துணி, தோல், செருப்பு எல்லாவற்றின் மேலும் கண்ணுக்குத் தெரியாத மெல்லிய நீர்ப்படலம் ஒன்று படிந்திருக்கும், அதில் தூசும் உப்பும் கரைந்திருக்கும், அந்தப் படலம் கொஞ்சமாகக் கடத்தும். நீங்கள் கதிரையை விட்டு எழும்பிக் கதவுக்குப் போய்ச் சேருவதற்குள் ஏற்றம் சத்தமில்லாமல் வடிந்துவிடும்.

கச்சான் அந்தப் படலத்தைக் காயவைத்துவிடுகிறது. தென்மேற்குப் பருவக் காற்று தன் மழையை மலைநாட்டின் மேற்குச் சரிவில் கொட்டிவிட்டு மலையைத் தாண்டி இந்தப் பக்கம் இறங்கும்போது சூடாகி, வறண்டு வருகிறது, அதைத்தான் நாம் கச்சான் என்கிறோம். வாவியும் கடலும் பக்கத்தில் இருந்தும் பகல் முழுக்கக் காற்று நிலத்துப் பக்கமிருந்தே அடித்தால் துணியில் ஈரம் நிற்காது. அந்த நாட்களில் பின்னேரம் கடற்காற்று திரும்பினால் கொஞ்ச நேரத்தில் அந்த அடி குறைந்துவிடும், கவனித்துப் பாருங்கள்.

கதிரையிலிருந்து எழும்பும்போது ஏன் கூட அடிக்கிறது என்றால், இருக்கும்வரை உங்கள் உடம்பிலுள்ள ஏற்றமும் கதிரையிலுள்ள எதிர் ஏற்றமும் கிட்டக் கிட்ட இருந்து ஒன்றையொன்று பிடித்து வைத்திருக்கும். எழும்பினதும் அந்தப் பிடி விடுகிறது, உடம்பின் மின்னழுத்தம் சட்டென்று ஆயிரக்கணக்கான வோல்ட்டுக்கு ஏறிவிடும். காலில் ரப்பர் செருப்பு இருந்தால் நிலத்துக்கு இறங்கவும் வழியில்லை. விரல் பூட்டுக்குக் கிட்டப் போகும்போது இடையிலுள்ள காற்று உடைந்து பொறி பாய்கிறது. வறண்ட காற்றை உடைக்க ஒரு மில்லிமீற்றருக்குச் சுமார் 3,000 வோல்ட் வேண்டும், ஆகவே ஒன்றரை மில்லிமீற்றர் பொறியைக் கண்டால் ஏறத்தாழ 4,000, 5,000 வோல்ட் இருந்திருக்கிறது என்று வைத்துக்கொள்ளலாம்.

பயப்பட வேண்டாம். வீட்டுக் கரண்ட் 230 வோல்ட்தான், ஆனால் அது ஆளைக் கொல்லும், ஏனென்றால் அதன் பின்னால் மின்நிலையமே நிற்கிறது, தொட்டிருக்கும்வரை ஓடிக்கொண்டே இருக்கும். உங்கள் உடம்பில் 5,000 வோல்ட்டில் தேங்கியிருக்கிற ஏற்றத்தைக் கணக்குப் பண்ணினால் சுமார் 4 இலட்சத்து 70 ஆயிரம் கோடி இலத்திரன்களின் அளவு வரும், கேட்கப் பெரிதாக இருந்தாலும் சக்தியில் 2 மில்லியூல்தான், ஒரு யூலின் ஆயிரத்தில் இரண்டு பங்கு. அதுவும் ஒரு செக்கனின் பத்து இலட்சத்தில் ஒரு பங்குக்குள் தீர்ந்துவிடுகிறது. சுள்ளென்று ஒரு வலி, அதோடு முடிந்தது.

ஒன்றை மட்டும் கட்டாயம் பிரித்துப் பாருங்கள், இதற்காகவே இவ்வளவு நீட்டி எழுதுகிறேன். நிலைமின் ஒரு தடவைதான் அடிக்கும். உடனே திரும்பத் தொட்டால் ஒன்றும் இராது, ஏற்றம் போய்விட்டது. வறட்சியான நாளில், செருப்போடு, கதிரையால் எழும்பித் தொடும்போது வரும். ஆனால் பிரிட்ஜையோ நீர்ப்பம்பியையோ தொடுகிற ஒவ்வொரு தடவையும் கை விறுவிறுக்கிறது, அதுவும் வெறுங்காலோடு ஈரத் தரையில் நிற்கும்போது கூடுகிறது என்றால் அது நிலைமின் இல்லை, மெயின் கரண்ட் கசிகிறது. அதைக் கச்சான் கரண்ட் என்று விட்டுவிடக் கூடாது. பிளக்கைக் கழற்றிவிட்டு மின்வேலை தெரிந்தவரைக் கூப்பிட்டு எர்த் வயர் சரியா, ட்ரிப் சுவிட்ச் வேலை செய்கிறதா என்று பார்க்கச் சொல்லுங்கள்.

மற்றபடி அடி வாங்காமல் இருக்க, எழும்பினதும் திறப்பை இறுக்கிப் பிடித்து அதன் நுனியால் முதலில் பூட்டைத் தொடுங்கள், பொறி திறப்பில் பாயும், கைக்குத் தெரியாது. சீமெந்துத் தரையில் வெறுங்காலோடு நடப்பதும் பருத்தி உடுப்பும் நல்லது. பிளாஸ்டிக் கதிரையை ஈரத் துணியால் ஒருக்கால் துடைத்துவிட்டாலும் அன்றைக்குக் கொஞ்ச நேரம் நிம்மதி.

கேள்வி (சம்மாந்துறையிலிருந்து ஒரு பாடசாலை மாணவி): சேர், சீப்பைத் தலையில் தேய்த்தால் அது ஏற்றம் பெறுகிறது, சரி. கடதாசித் துண்டுக்குத்தான் ஏற்றம் இல்லையே, அதை ஏன் சீப்பு இழுக்கிறது? சில துண்டுகள் ஒட்டிவிட்டுப் பிறகு தெறித்து ஓடுகின்றன, அதுவும் ஏன்?

பதில்: மகள், பாடப் புத்தகத்தை மனப்பாடம் பண்ணுகிற பிள்ளைக்கு இந்தக் கேள்வி வராது, செய்து பார்த்த பிள்ளைக்குத்தான் வரும். அதனால் விரிவாகவே சொல்கிறேன்.

கடதாசியில் ஏற்றம் இல்லை என்று சொல்வதைவிட, இரண்டு ஏற்றமும் சமனாக இருக்கிறது என்று சொல்லிப் பழகு. சீப்பில் மறை ஏற்றம் இருக்கிறது என்று வைப்போம். அதைக் கிட்டக் கொண்டுபோனால் கடதாசியிலுள்ள மறை ஏற்றங்கள் கொஞ்சம் அந்தப் பக்கம் தள்ளுப்படும், நேர் ஏற்றம் இந்தப் பக்கம் மிஞ்சி நிற்கும். மொத்தம் பூச்சியம்தான், ஆனால் எதிர் ஏற்றம் சீப்புக்குக் கிட்ட, ஒத்த ஏற்றம் எட்ட. மின்விசை தூரத்தின் வர்க்கத்துக்கு நேர்மாறாகக் குறையும் என்று கூலோம் 1785 இல் அளந்து காட்டினார், நீ படித்திருப்பாய் அல்லது சீக்கிரம் படிப்பாய். கிட்ட இருப்பதை இழுக்கிற விசை எட்ட இருப்பதைத் தள்ளுகிற விசையைவிடக் கூட, ஆகவே துண்டு சீப்புப் பக்கம் பாய்கிறது. பூமி முழுவதும் சேர்ந்து கீழே இழுக்கிற ஒன்றை ஒரு சீப்பு மேலே தூக்கிவிடுகிறது, யோசித்துப் பார்.

தெறித்து ஓடுவதற்குக் காரணம், கடதாசி முழுக் காவலி (மின்னைக் கடத்தாத பொருள்) இல்லை. சீப்பில் ஒட்டியிருக்கும்போது சீப்பின் ஏற்றம் கொஞ்சம் கொஞ்சமாகத் துண்டுக்கு ஏறும். இரண்டிலும் ஒரே வகை ஏற்றம் ஆனதும் ஒன்றையொன்று தள்ளும். சில துண்டுகள் ஒட்டினபடியே இருக்கும், அவற்றுக்கு இன்னும் போதிய ஏற்றம் ஏறவில்லை.

வீட்டில் இன்னொன்றும் செய்து பார். கடையில் சாமான் போட்டுத் தருகிற மெல்லிய ஷொப்பிங் பேக்கில் இரண்டு விரல் அகலம், ஒரு சாண் நீளத்தில் இரண்டு கீலம் வெட்டு. இரண்டையும் மேல் நுனியில் சேர்த்து ஒரு கையால் தூக்கிப் பிடி. மற்றக் கையின் விரல்களை நன்றாகக் காயத் துடைத்துவிட்டு, கீலங்களை விரலிடுக்கில் வைத்து மேலிருந்து கீழே மூன்று நாலு தரம் உருவு. விட்டதும் கீழ் நுனிகள் இரண்டும் விலகி ஆளுக்கொரு பக்கம் நிற்கும். இரண்டுக்கும் உன் விரலிலிருந்து ஒரே வகை ஏற்றம் கிடைத்திருக்கிறது. இப்போது அந்த இடைவெளிக்குள் உன் கையை மெதுவாக விடு, இரண்டும் உன் கையில் வந்து ஒட்டும். தள்ளுதலையும் இழுத்தலையும் ஒரு பேக்கை வைத்தே பார்த்துவிட்டாய். காலை பத்து மணிக்குப் பிறகு, கச்சான் அடிக்கிற நாளில் செய்தால் நன்றாக வரும். மழை நாளில் செய்துவிட்டுப் பிழைத்துப் போனது என்று எழுதாதே. சீப்பு என்றால் எண்ணெய் வைக்காத தலையில் தேய்க்க வேண்டும்.

ஏற்றம் இரண்டு வகைதான் என்பதைப் பிரான்சில் தூ ஃபே என்பவர் 1733 இல் இப்படித் தேய்த்துத் தேய்த்துத்தான் கண்டுபிடித்தார். நேர், மறை என்று பிரித்தது பெஞ்சமின் பிராங்ளின். இலத்திரன் என்ற ஒன்று இருப்பதே தோம்சன் 1897 இல் கண்ட பிறகுதான் தெரியும், அதற்குள் நேர், மறை நிலைத்துப் போய்விட்டது. ஓடித்திரிகிற இலத்திரனுக்கு மறைக் குறி விழுந்தது அதனால்தான். பட்டுத் துணியால் தேய்த்த கண்ணாடி நேர், கம்பளியால் தேய்த்த எபனைற்று (கடின ரப்பர்) மறை என்று நீ படிப்பதும் அந்தக் காலத்து ஏற்பாடு.

கேள்வி (மருதமுனையிலிருந்து ஒரு தறிக்காரர்): கச்சான் நாட்களில் செயற்கை நூல் போட்டால் பாவு இழைகள் பஞ்சுபோல விரிகின்றன, தூசும் ஒட்டுகிறது. வாப்பா காலத்தில் தறிக்கொட்டில் தரையில் தண்ணி தெளித்துவிடுவார்கள். அதில் பிரயோசனம் உண்டா?

பதில்: நல்ல பிரயோசனம் உண்டு, விடாதீர்கள். ஒவ்வொரு இழையும் அச்சிலும் விழுதிலும் உரசி ஒரே வகை ஏற்றம் பெறுகிறது, அதனால் இழைகள் ஒன்றையொன்று தள்ளி விரிகின்றன, காற்றிலுள்ள தூசை இழுக்கின்றன. தரையில் தண்ணி தெளித்தால் கொட்டிலுக்குள் ஈரம் ஏறி ஏற்றம் வடியும். பெரிய நெசவு ஆலைகள் காசு செலவழித்து யந்திரம் வைத்து ஈரப்பதனை 60 சதவீதத்துக்கு மேல் வைத்திருப்பது இதற்கும் சேர்த்துத்தான். காற்று நேரே அடிக்கிற பக்கத்து யன்னலை ஈரச் சாக்கால் மறைத்தால் இன்னும் நல்லது. பருத்தி தன்னிலேயே ஈரத்தை வைத்திருக்கும், அதில் இந்தத் தொல்லை குறைவு.

கேள்வி (அக்கரைப்பற்றிலிருந்து ஒரு வாசகர்): வயலில் நீர்ப்பம்பிக்கு பெற்றோல் வாங்க பிளாஸ்டிக் கானோடு போனால், பெற்றோல் செட்டில் கானை மோட்டார் சைக்கிளில் வைத்து அடிக்க விடமாட்டார்கள், நிலத்தில் வை என்கிறார்கள். சும்மா கெடுபிடியா, காரணம் இருக்கிறதா?

பதில்: காரணம் இருக்கிறது, பெற்றோல் அடிக்கிற பொடியன் சொல்வதைக் கேளுங்கள்.

பெற்றோல் நல்ல காவலி. குழாய்க்குள்ளால் வேகமாக ஓடும்போது குழாயில் உரசி அதுவே ஏற்றம் பெறுகிறது, கான் நிறைய நிறைய அந்த ஏற்றமும் கானுக்குள் சேர்கிறது. மோட்டார் சைக்கிள் சீற்றிலோ, ஆட்டோவின் ரப்பர் விரிப்பிலோ, ட்ரெக்டர் பெட்டியில் விரித்த பொலித்தீனிலோ கான் இருந்தால் அது போக வழியில்லை. கடைசியில் குழாய் நுனிக்கும் கானுக்கும் இடையில் ஒரு பொறி. முதல் பதிலில் சொன்ன கணக்கை இங்கே வைத்துப் பாருங்கள்: பெற்றோல் ஆவியும் காற்றும் சரியான அளவில் கலந்திருந்தால் அது பற்றிக்கொள்ள 0.2 மில்லியூலுக்குச் சற்றுக் கூடுதலாக இருந்தாலே போதும். உங்கள் விரலிலிருந்து பூட்டுக்குப் பாய்கிற, சுள்ளென்று ஒரு வலியோடு போய்விடுகிற அந்தப் பொறி 2 மில்லியூல். தேவையானதைவிட எட்டு, பத்து மடங்கு.

ஆவி இல்லாமல் பெற்றோல் அடிக்கவும் முடியாது. மண்ணெண்ணெய் சாதாரண வெக்கையில் அவ்வளவு ஆவி விடாது, பெற்றோல் அப்படியில்லை, பூச்சியத்துக்குக் கீழே 40 பாகை செல்சியசிலும் பற்றக்கூடிய ஆவியை விடும். அந்த ஆவி காற்றைவிடப் பாரம், கானின் வாயைச் சுற்றி வழிந்து கீழே தங்கும். காற்றில் 1.4 முதல் 7.6 சதவீதம்வரை கலந்தால் பற்றும்.

ஆகவே கானை இறக்கி நிலத்தில் வையுங்கள், மண்ணோ கொங்கிறீட்டோ எதுவானாலும் சரி. அடிக்கிற இரும்பு நுனி கானின் வாயில் முட்டியபடியே இருக்கட்டும், அது எர்த்தோடு தொடர்புள்ளது, இடையில் இடைவெளி இல்லாவிட்டால் பொறி பாய இடமில்லை. மெதுவாக அடிக்கச் சொல்லுங்கள். தகர ரின் கொண்டுபோகிறவர்கள் "நமக்குப் பிளாஸ்டிக் இல்லையே" என்று நினைக்கக் கூடாது, ரப்பரின் மேல் வைத்த தகர ரின் இன்னும் மோசம், ஏனென்றால் அது கடத்தி, சேர்ந்த ஏற்றம் அத்தனையையும் ஒரே பொறியில் விட்டுவிடும். நிலத்தில் வைத்தால் அதே தகர ரின் எல்லாவற்றிலும் பாதுகாப்பு. காரில் போகிறவர்கள் அடித்துக்கொண்டிருக்கும்போது உள்ளே போய் இருந்துவிட்டு எழும்பி வந்து நேரே குழாயைப் பிடிக்கக் கூடாது, அப்படிப் போனால் முதலில் காரின் வெறும் இரும்புப் பாகத்தைக் கையால் தொட்டு ஏற்றத்தை விட்டுவிட்டு வாருங்கள். பவுசர் வந்து தாங்கிக்கு எண்ணெய் இறக்குவதற்கு முன்னால் ஒரு வயரைக் கொளுவுவதைப் பார்த்திருப்பீர்கள், அதுவும் இதற்குத்தான்.

2022 இல் தட்டுப்பாடு வந்தபோது எத்தனையோ வீடுகளில் தண்ணிப் போத்தலிலும் வாளியிலும் பெற்றோல் வைத்திருந்தார்கள். அந்தப் பழக்கம் சில இடங்களில் இன்னும் மிச்சம் இருக்கிறது. வாளியிலிருந்து பிளாஸ்டிக் புனலால் போத்தலுக்கு ஊற்றுகிறவர்களை நினைத்தால் எனக்கு நெஞ்சு பதறுகிறது. வீட்டுக்குள் வேண்டாம், குசினிப் பக்கம் வேண்டவே வேண்டாம்.

கேள்வி (கல்முனையிலிருந்து போட்டோக்கொப்பிக் கடைக்காரர்): மெசினிலிருந்து வருகிற தாள்கள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்வது ஏன்?

பதில்: மெசின் வேலை செய்வதே நிலைமின்னால்தான். உருளையில் ஏற்றம் ஏற்றி, வெளிச்சம் பட்ட இடத்தில் அதைப் போகவிட்டு, எழுத்து விழுந்த இடத்தில் மட்டும் மிஞ்சுகிற ஏற்றத்தில் மைத்தூளை ஒட்டவைத்து, தாளுக்கும் ஏற்றம் கொடுத்துத் தூளை இழுத்து, கடைசியில் சூட்டால் உருக்கிப் பதிக்கிறது. செஸ்டர் கார்ல்சன் என்ற அமெரிக்கர் 1938 இல் இந்த வழியை முதலில் செய்து காட்டினார். சூட்டில் தாளின் ஈரம் போய்விடுவதால் மிச்ச ஏற்றம் வடியாமல் நின்று தாள்களை ஒட்டவைக்கிறது. கட்டாக எடுத்து விசிறிவிட்டுக் கொஞ்ச நேரம் வைத்தால் சரி.

கேள்வி (வெல்லாவெளியிலிருந்து ஒரு விவசாயி): சித்திரையிலும் ஐப்பசியிலும் பின்னேரமானால் இடி. வயல் வட்டைக்குள் நிற்கும்போது பிடித்துக்கொண்டால் என்ன செய்வது? ரப்பர் செருப்பு காப்பாற்றும், போனை அணைத்துவிட்டால் மின்னல் வராது என்று ஆக்கள் சொல்கிறார்கள். உண்மையா?

பதில்: இரண்டும் உண்மையில்லை, முதலில் அதைச் சொல்லிவிடுகிறேன்.

மேகத்துக்குள் நடப்பதும் கதிரையில் நடந்ததுதான். உயரத்தில் சின்ன பனிப் பளிங்குகளும் பாரமான மென் ஆலங்கட்டிகளும் மோதிப் பிரிகின்றன. பாரமானவை பெரும்பாலும் மறை ஏற்றத்தோடு கீழே தங்க, இலேசானவை நேர் ஏற்றத்தோடு மேலே போகின்றன. பருவக் காற்று மாறுகிற அந்த மாதங்களில் காலை வெயில் நிலத்தைச் சுட வைத்து ஈரக் காற்றை உயரத் தூக்குவதால் பின்னேரம் இப்படிப்பட்ட மேகம் எழும்புகிறது. வடிய வழி இல்லாமல் ஏற்றம் கூடிக் கூடிப் பல கோடி வோல்ட்டுக்குப் போனதும் மேகத்துக்கும் நிலத்துக்கும் நடுவிலுள்ள காற்றே உடைகிறது. ஓட்டம் சுமார் 30,000 அம்பியர், அந்தப் பாதையின் வெப்பம் சூரியனின் மேற்பரப்பைப் போல் ஐந்து மடங்கு. கிலோமீற்றர் கணக்கில் காற்றைப் பிளந்துகொண்டு வந்த ஒன்றுக்கு உங்கள் காலடியிலுள்ள அரை அங்குல ரப்பர் ஒரு தடையே இல்லை. கைப்போன் மின்னலை இழுப்பதும் இல்லை. சுவரில் சார்ஜருக்குப் போட்டபடி கதைப்பதுதான் ஆபத்து, மின்கம்பியில் விழுந்த இடி வயரால் வீட்டுக்குள் வரும்.

வட்டைக்குள் ஆபத்து எங்கே என்றால், வெட்டவெளியில் உயரமாக நிற்பது நீங்கள்தான். மரத்தடி அதைவிட மோசம், மரத்தில் விழுந்தது பக்கத்தில் நிற்கிற ஆளுக்குப் பாயும். நாலு பக்கமும் திறந்த காவல் வாடி மழைக்குத்தான் காப்பு, இடிக்கு இல்லை. நேரே விழ வேண்டும் என்றுமில்லை. கிட்ட எங்காவது விழுந்தாலும் மின் நிலத்தில் பரவும்போது ஒரு காலுக்கும் மற்றக் காலுக்கும் இடையில் அழுத்த வித்தியாசம் வரும். மாடுகளின் முன்னங்காலும் பின்னங்காலும் எட்ட எட்ட இருப்பதால்தான் ஒரே இடியில் ஒரு பட்டியே சாகிறது.

மின்னலைக் கண்டதும் எண்ணத் தொடங்குங்கள். சத்தம் ஒரு கிலோமீற்றர் வர ஏறக்குறைய 3 செக்கன் எடுக்கும். 30 செக்கனுக்குள் இடி கேட்டால் அது 10 கிலோமீற்றருக்குள் வந்துவிட்டது, மண்வெட்டியை விட்டுவிட்டுக் கல்வீட்டுக்கோ மூடின வாகனத்துக்கோ போங்கள், கடைசி இடி கேட்டு 30 நிமிசம் போகும்வரை திரும்ப இறங்க வேண்டாம். வாவியில் தோணியோடு நிற்கிறவர்கள் மேகம் கறுக்கும்போதே கரைக்குத் திரும்ப வேண்டும், இடி தொடங்கின பிறகு துடுப்பு வலிக்க நேரம் இராது. ஓட இடமே இல்லையென்றால் மரம், கம்பி வேலி, தண்ணி மூன்றையும் விட்டு விலகி, இரண்டு பாதத்தையும் சேர்த்துக் குந்தி இருங்கள், நிலத்தில் படுக்கக் கூடாது. அது கடைசி வழி மட்டும், நல்ல பாதுகாப்பு என்று சொல்லமாட்டேன். வீட்டில் டி.வி. பிளக்கை இடி தொடங்குவதற்கு முன்னமே கழற்றுங்கள், நடுவில் போய்த் தொட வேண்டாம்.

இடி விழுந்த ஆளைத் தொட்டால் நமக்கும் அடிக்கும் என்று பயந்து விலகி நிற்கிறார்கள், இந்தப் பயத்தால் போகிற உயிர்தான் என்னால் தாங்க முடியாதது. அவர் உடம்பில் ஏற்றம் மிச்சம் இராது, பயப்படாமல் தொடலாம். இடி நின்றுபோவதற்கு முன்னால் என்றால் ஆளை இயன்றளவு பாதுகாப்பான இடத்துக்கு நகர்த்துங்கள். மூச்சும் அசைவும் இல்லையென்றால் உடனே நெஞ்சின் நடுவில் கையை வைத்து நிமிசத்துக்கு 100 முதல் 120 தடவை பலமாக அழுத்தத் தொடங்குங்கள், இன்னொருவர் 1990 க்கு அடித்து அம்புலன்ஸைக் கூப்பிடட்டும். மின்னல் அடித்து நின்றுபோன இதயத்தை இப்படித் திரும்ப ஓடவைக்க நல்ல வாய்ப்பு இருக்கிறது, அந்த முதல் சில நிமிசங்களை விட்டுவிட்டால்தான் கஷ்டம்.

கேள்வி (ஏறாவூரிலிருந்து போன் திருத்துகிற ஒரு தம்பி): கச்சானில் ஆயிரக்கணக்கில் வோல்ட் சும்மா வருகிறதே, இதை வைத்துப் போன் சார்ஜ் பண்ண ஏலாதா? நான் போனைத் திறக்கும்போது இந்தக் கரண்டால் பழுதாகும் என்கிறார்களே, அதுவும் உண்மையா?

பதில்: இரண்டாவதை முதலில் சொல்கிறேன் தம்பி, அது உங்கள் தொழில். நமக்குப் பொறி கையில் தெரிய 2,000, 3,000 வோல்ட் வேண்டும். சில சிப்புகள் சில நூறு வோல்ட்டிலேயே பழுதாகிவிடும், உங்களுக்கு ஒன்றும் தெரியாமலே. திருத்தி அனுப்பின போன் இரண்டு கிழமையில் திரும்பி வந்தால் இதுவும் ஒரு காரணமாக இருக்கலாம். எர்த் பண்ணின மணிக்கட்டுப் பட்டியும் அதற்கென்று விற்கிற மேசை விரிப்பும் வாங்குங்கள், பொலியெஸ்டர் சேட்டோடு வேலைக்கு இருக்க வேண்டாம்.

சார்ஜ் பண்ணுகிற கணக்கு இது: 4,000 மில்லி அம்பியர் மணி பற்றரி ஒன்றில் சுமார் 55,000 யூல் சக்தி இருக்கிறது. உங்கள் விரல் பொறி ஒன்றில் 2 மில்லியூல். வகுத்தால் 2 கோடியே 75 இலட்சம் தடவை கதிரையால் எழும்ப வேண்டும். ஆனால் யோசனை பிழையானதல்ல. சோங் லின் வாங் என்பவரின் குழு 2012 இல் இரண்டு பிளாஸ்டிக் படலங்கள் பட்டுப் பிரிவதிலிருந்தே மின் எடுக்கிற சின்னக் கருவி ஒன்றைச் செய்தது. நடக்கிறபோது செருப்புக்குள் அமுங்குகிற அசைவு, காற்றில் துணி ஆடுகிற அசைவு, கடல் அலை இவற்றிலிருந்து சின்ன உணரிகளுக்குத் தேவையான அளவு மின்னை எடுக்க அந்த வழியில் பல நாடுகளில் இப்போது வேலை நடக்கிறது. கேள்வியை விட்டுவிடாதீர்கள், உயர்தரத்தில் பௌதிகவியல் படிக்கிற யாராவது பக்கத்தில் இருந்தால் இந்தக் கணக்கை அவரோடு சேர்ந்து ஒருக்கால் போட்டுப் பாருங்கள்.